ஆக்ஸன்ஃப்ரீ: பேச்சு அபாரம், மற்றதெல்லாம்? (பாதிக்கு மேல் ஸ்பாய்லர் உண்டு)

கரையோரம்:

ரொம்ப நாளாக லைப்ரரியில் தூங்கிக்கொண்டிருந்த ஆக்ஸன்ஃப்ரீயை ஒருவழியாக முடித்துவிட்டேன். 2016 ஜனவரியில் வந்த கேம். ஷான் கிராங்கல், ஆடம் ஹைன்ஸ் என்ற இரண்டு கசின்கள் 2014இல் தொடங்கிய நைட் ஸ்கூல் ஸ்டுடியோவின் முதல் கேம். ஹைன்ஸ் அதற்கு முன் டெல்டேல் என்ற கேம் நிறுவனத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். டெல்டேல் கேம்களில் பேச்சு வந்துவிட்டால் மற்ற எல்லாம் நின்றுவிடும், ஞாபகம் இருக்கிறதா? முகத்தை குளோஸப்பில் காட்டி, கீழே நாலு பதில் வைத்து, நேரம் கரைகிற கோடு ஒன்றையும் ஓட்டுவார்கள். இங்கே அந்த நிறுத்தமே கிடையாது. நடந்துகொண்டே பேசலாம், ஏறிக்கொண்டே பேசலாம், ரேடியோவைத் திருகிக்கொண்டே பேசலாம்.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: அலெக்ஸ் என்ற பள்ளிக்கூடப் பெண், நண்பன் ரென், ரென் மனசுக்குள் விரும்புகிற நோனா, அலெக்ஸின் இறந்துபோன அண்ணன் மைக்கேலின் காதலி கிளாரிஸா, அப்புறம் அம்மாவின் புதுக் கணவருடைய மகன் ஜோனஸ். அலெக்ஸும் ஜோனஸும் சந்தித்துக்கொள்வதே அன்றைக்குத்தான். அலெக்ஸ், ரென், ஜோனஸ் மூவரும் ராத்திரி படகில் எட்வர்ட்ஸ் தீவுக்குப் போய், முன்பே வந்திருக்கும் மற்ற இருவரோடு சேர்கிறார்கள். முன்பு ராணுவம் இருந்த இடம், இப்போது ஆளரவம் இல்லை. அங்கே ஒரு குகையில் அலெக்ஸ் தன் பாக்கெட் ரேடியோவைத் திருக, காற்றில் ஒரு முக்கோணம் திறந்துகொள்கிறது. அதற்கப்புறம் விடியும் வரை கதை.

என் கட்சி இது: இந்தக் கேமில் விளையாட்டு என்று சொல்லத் தகுந்தது பேச்சு ஒன்றுதான். அதை இவ்வளவு நன்றாகச் செய்த கேமை நான் பார்த்ததில்லை. ஆனால் மற்றதெல்லாம் அந்தப் பேச்சு நடப்பதற்காக வைத்த ஏற்பாடு, அதில் பாதி அரைகுறை.

முதல் படகுக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரென் வளவளவென்று பேசிக்கொண்டே போகிறான். அலெக்ஸ் தலைக்கு மேல் இரண்டு மூன்று குமிழிகள் மெல்லத் தோன்றுகின்றன. ஒன்றை அழுத்தினால் அவள் பேசுவாள். அழுத்தாமல் விட்டால் குமிழிகள் மங்கி மறைந்துவிடும். பேச்சு நமக்காகக் காத்திருக்காது. நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் நாம் சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விடும் அல்லவா, அந்த உணர்ச்சியை ஒரு கன்ட்ரோலர் வழியாகக் கொடுத்திருக்கிறார்கள். கடற்கரையில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து, உண்மையைச் சொல் அல்லது அறை வாங்கு என்று ஒரு விளையாட்டு ஆடுவார்கள். அங்கே கிளாரிஸா மைக்கேலைப் பற்றி ஊசி குத்துவது போல ஒன்று கேட்கிறாள். நான் பதிலைத் தேர்ந்தெடுக்கவே இல்லை, குமிழிகள் போய்விட்டன. அலெக்ஸ் வாயடைத்துப்போனதாகவே அந்தக் காட்சி முடிந்தது. எந்தப் பதிலும் அவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

குறை என்றால் முதலில் நடை. இரண்டாவது, ரேடியோ. மூன்றாவது, பயம் பாதியில் தீர்ந்துபோவது. விவரமாகச் சொல்வதற்கு முன், மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

பிக்சல்பாண்டி:

பேச்சைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள், சரி. ஆனால் அதிலேயே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லவே இல்லையே. பதிலை அழுத்தியவுடன் அலெக்ஸ் பேச ஆரம்பித்துவிடுகிறாள். எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடித்தாரா இல்லையா என்ற கவலையே கிடையாது. ஜோனஸ் தன் அம்மா இறந்ததைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொல்ல வருகிறான், ஆறுதலாக ஏதோ சொல்லலாம் என்று அழுத்தினால், அவன் வாயில் அடித்த மாதிரி அலெக்ஸ் குறுக்கே விழுகிறாள். ஆறுதல் வார்த்தை, சொன்ன விதம் அநாகரிகம்.

சரி, அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் குமிழி மறைந்துவிடுகிறது. இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, அதில் சரியாக அழுத்த வேண்டும். அப்படியென்றால் நான் யோசிப்பது ஜோனஸைப் பற்றியா, அழுத்துகிற நேரத்தைப் பற்றியா?

---

வெயில்நிழல்:

பாண்டி சொல்வதோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். குறுக்கே பேசுவதும் ஒரு தேர்வுதான் என்பது என் எண்ணம். கிளாரிஸா பேசும்போது நான் வேண்டுமென்றே குறுக்கே பேசினேன், ரொம்ப திருப்தியாக இருந்தது. குறுக்கிட்டால் மற்றவர்கள் அதற்கு ஏற்ற மாதிரி எரிந்து விழுவதும் பல இடங்களில் உண்டு. எரின் யெவெட் அலெக்ஸுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். பாதியில் விட்டு, திருத்தி, இழுத்து, அசடு வழிந்து, நிஜமாகவே ஒரு பதினேழு வயசுப் பெண் பேசுவது போலவே இருக்கிறது. அந்த நடிப்பு இல்லையென்றால் இந்த முறை முழுக்கச் சறுக்கியிருக்கும்.

ஆனால் எனக்கு எரிச்சல் வந்த இடம் வேறு. ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குப் போகும்போது லோடிங் வருகிறதே, அதில் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. நடந்துகொண்டே பேசலாம் என்பதுதான் கேமின் பெருமை, ஆனால் பேச்சை முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் திரையின் ஓரத்துக்கு வந்து, பாலத்தின் மேல் சிலை மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது. நான் பாதி கேமை அப்படித்தான் விளையாடினேன். ரென் ஒரு கதையை ஆரம்பித்தால் நின்றுவிடுவேன். அவன் முடித்ததும் நடப்பேன்.

---

கரையோரம்:

வெயில்நிழல், நான் நடை என்று சொன்னது அதைத்தான், இன்னும் கொஞ்சம் சேர்த்து. தீவின் ஓவியம் கண்ணைப் பறிக்கிறது. நீர்வண்ணத்தில் வரைந்தது போல மரங்கள், மஞ்சள் விளக்கு, தூரத்தில் கடல். அதில் ஆட்கள் கடுகு மாதிரி சின்னதாக நடக்கிறார்கள். முகம் தெரியாது, அதனால் உணர்ச்சி முழுக்கக் குரலிலிருந்துதான் வர வேண்டும். இது துணிச்சலான முடிவு, எனக்குப் பிடித்தது.

ஆனால் அலெக்ஸ் நடக்கிற வேகம்! பேச்சு இருக்கும்போது அந்த வேகம் சரியாகப் பொருந்துகிறது, ஏனென்றால் பேச்சின் நீளத்துக்குத்தான் பாதையின் நீளத்தை அளந்து போட்டிருக்கிறார்கள். பின்பாதியில் தீவைத் தாராளமாகச் சுற்றிப் பார்க்க விடுகிறார்கள், கதையில் வரும் மேகி ஆட்லர் என்ற பெண் எழுதிய கடிதங்களைத் தேடலாம், ரேடியோவில் புதிர் அலைகளைப் பிடிக்கலாம். அப்போது கூட வருபவர் பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை. மௌனமாக, அதே வேகத்தில், ஏற்கெனவே பார்த்த மலையேற்றத்தை மறுபடி ஏற வேண்டும். நான் பாதிக் கடிதங்களோடு விட்டுவிட்டேன்.

---

குரும்பசிட்டியான்:

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு ஆள். நீங்கள் யாரும் தொடாத ஒரு விஷயம் சொல்கிறேன். எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், ஆனால் அமெரிக்கப் பிள்ளைகள் இந்த வேகத்தில் கதைக்கும்போது காது மட்டும் போதாது. ஆகவே சப்டைட்டில் போட்டு விளையாடினேன். அலெக்ஸும் ஜோனஸும் ரெனும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். கீழே வரிகள் ஓடுகின்றன, மேலே குமிழிகள் மங்குகின்றன, நடுவிலே நான் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். மூன்றையும் பார்க்க ஏலாது. குமிழியை வாசித்து முடிக்க முன்னமே அது போய்விடும்.

கரையோரம் மௌனமும் ஒரு பதில் என்கிறார். என் அலெக்ஸ் மௌனமாக இருந்தது துக்கத்தில் இல்லை, வாசித்து முடியாததால். மற்றப் பாத்திரங்கள் அதற்கும் ஏதோ அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். இந்த முறையை வகுத்தவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒரு ஆளை மட்டும்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாருக்கும் இது கதை கேட்கிற கேம் இல்லை, வேகமாக வாசிக்கிற பரீட்சை.

---

பிக்சல்பாண்டி:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், அண்ணா நறுக்கென்று சொல்லிவிட்டார். குமிழி நிற்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு அமைப்பு வைத்திருந்தாலே போதும்.

---

கரையோரம்:

குரும்பசிட்டியான் அண்ணா சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் நேரத்தைக் கூட்டினால் கேம் தன் உயிரை இழந்துவிடும் என்றும் தோன்றுகிறது. அந்தப் பதற்றம்தான் அதன் சரக்கு. மூன்று பதில்களையும் ஆற அமரப் படித்து, எது லாபம் என்று கணக்குப் போட்டு அழுத்தினால் அது மறுபடியும் டெல்டேல் ஆகிவிடும். வேண்டுபவர்களுக்கு மட்டும் ஒரு அமைப்பு என்றால், சரி, வைத்திருக்கலாம்.

---

ஷிஃப்ட்முடிஞ்சது:

எல்லாரும் பேச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். இது அமானுஷ்யக் கதை ஐயா. பேயைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை?

எனக்கு முதல் ஒரு மணி நேரம் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு விளையாடியதில் உண்மையிலேயே சில்லிட்டது. ரேடியோ வழியாக அந்த ஆவிகள் பேசுகிற விதம் இருக்கிறதே! பழைய ஒலிபரப்புகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டி ஒட்டியது போல. ஒரு சொல் விளம்பரக்காரன் குரலில், அடுத்த சொல் செய்தி வாசிப்பவர் குரலில், மூன்றாவது ஒரு பெண் குரலில். வாக்கியம் முடியும்போது நம்மிடம் பேசுவது யார் என்றே தெரியாது. பேய்க்குச் சொந்தக் குரல் இல்லாததுதான் பயம். எஸ்சிஎன்டிஎஃப்சி என்ற பெயரில் இசையமைப்பவர் போட்ட இசையும் அப்படித்தான், டேப் இழுத்துக்கொள்வது போல நடுங்கிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் காலம் சுழல்கிற காட்சிகள். ஜோனஸோடு நடந்துகொண்டிருக்கிறோம், திரை பழைய வீடியோ கேசட் போலக் கோடு விழுகிறது, பார்த்தால் அதே இடத்தில் மறுபடி நிற்கிறோம். ஜோனஸ் அதே வாக்கியத்தை மறுபடி சொல்கிறான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. எதிரில் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் நிற்கும். சக்கரத்தைச் சரியான வேகத்தில் சுற்றினால்தான் வெளியே வர முடியும். முதல் தடவை அருமை. மூன்றாவது தடவை, அட, மறுபடி டேப்பா என்று ஆகிவிடுகிறது. அங்கே சூட்சுமம் எதுவுமில்லை, சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ரேடியோவும் அதே கதை. முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தினால் எங்கோ ஒரு இடத்தில் பிடிபடும். இது புதிர் இல்லை, சாவி கொத்தில் எந்தச் சாவி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது.

---

வெயில்நிழல்:

ஸ்பாய்லர், கவனம்.

பயம் தீர்ந்துபோவதற்குக் காரணம் டேப் மட்டும் இல்லை. ஒரு கட்டத்தில் கிளாரிஸா உயரத்திலிருந்து விழுந்து சாகிறாள். தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நேரத்தில் காலம் சுழன்று அவள் மறுபடி உயிரோடு நிற்கிறாள். அந்த நிமிடத்தோடு எனக்குப் பயம் போய்விட்டது. யாரும் நிஜமாகச் சாகமாட்டார்கள், நானும் எங்கேயும் தோற்கமாட்டேன், ‘கேம் ஓவர்’ என்ற ஒன்றே கிடையாது என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் கண் சிவந்த பேய் எவ்வளவு மிரட்டினாலும் அது வசனம்தான்.

ஆனால் வேறொரு பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது, அதற்காகத்தான் நான் முடித்தேன். நாம் இன்றைக்கு இரவு பேசியது நாளைக்கு இவர்களுக்குள் என்ன செய்யும் என்ற பயம். பேசி முடித்ததும் சில சமயம் ஒருவர் தலைக்கு மேல் இன்னொருவரின் முகம் சின்னக் குமிழியில் வந்து போகும். நீ சொன்னதை இவர் மனசில் வைத்துக்கொண்டார் என்று அர்த்தம். நல்லதாகவா, கெட்டதாகவா என்று சொல்லமாட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது பேய் இல்லை, ரென் தலைக்கு மேல் வந்த என் முகம்.

---

டீக்கடை_பெஞ்ச்:

நானும் ஸ்பாய்லரோடுதான் வருகிறேன்.

ஆவிகள் யார் என்பதில் எனக்கு ஏமாற்றம். 1943இல் கனலோவா என்ற நீர்மூழ்கிக் கப்பல் தீவுக்கு அருகே மூழ்குகிறது. எதிரியின் கப்பல் என்று தப்பாக நினைத்து சொந்தப் படையே தாக்கிவிடுகிறது. தகவல் பிரிவில் இருந்த மேகி ஆட்லர் செய்தியைப் பிழையாகப் புரிந்துகொண்டதில் தொடங்கும் வினை அது. கப்பலில் இருந்தவர்கள் சாகவும் இல்லை, வாழவும் இல்லை, காலத்துக்கு வெளியே மாட்டிக்கொள்கிறார்கள். (கப்பல் கற்பனை, தேட வேண்டாம்.) எவ்வளவு கனமான விஷயம்! நம் பக்கத்து ஆளே நம்மைக் கொன்றான், அப்புறம் அதை மூடி மறைத்தான் என்ற கோபம் அந்த ஆவிகளுக்கு இருக்க வேண்டாமா? கேம் அதைக் கடிதங்களிலும் ரேடியோ அலைகளிலும் ஒளித்து வைத்துவிட்டது. கரையோரம் விட்டுவிட்டேன் என்று சொன்ன கடிதங்கள்தான் அவை. தேடாதவனுக்கு ஆவிகள் வெறும் குறும்புக்காரப் பேய்கள். பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுத்து விளையாட்டு ஆடுகிற பேய்கள்.

ஆக, நடை மெதுவாக இருப்பது சின்னக் குறை இல்லை. கதையின் மறுபாதி அந்த நடைக்குப் பின்னால் இருக்கிறது. கால் வலித்துத் திரும்பியவனுக்குக் கதை பாதிதான் கிடைத்தது.

மைக்கேல் பகுதி மட்டும் என்னை விடவில்லை. அலெக்ஸ் அவ்வப்போது பழைய காலத்துக்குத் தூக்கி எறியப்படுகிறாள், அங்கே அண்ணன் உயிரோடு பேசிக்கொண்டிருக்கிறான். கிளாரிஸாவோடு ஊரை விட்டுப் போகலாமா என்று யோசனை கேட்கிறான். சாதாரணமான பேச்சு. நாம் சொல்கிற யோசனைதான் கடைசியில் அவன் இருப்பானா இல்லையா என்பதைத் தொடுகிறது. விளையாடும்போது எனக்கு அது தெரியாது. தங்கை அண்ணனிடம் சொல்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டேன்.

---

கரையோரம்:

பெஞ்ச், கடிதங்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரியான அடி. நான் ஆவிகளை அப்படித்தான் பார்த்தேன், காரணமில்லாமல் சீண்டுகிற பேய்களாக. ஆனால் குற்றத்தை, கடிதங்களை அங்கே வைத்தவர்கள் மேல்தான் போடுவேன். பேச்சில் இவ்வளவு கெட்டிக்காரர்கள், கதையின் முக்கியமான துயரத்தை மட்டும் ஏன் பேச்சுக்கு வெளியே, காகிதத்தில் வைத்தார்கள்? ஜோனஸ் வாயால் ஒரு கடிதத்தைப் பற்றி மூன்று நிமிடம் வாதாட விட்டிருந்தால் நான் தீவு முழுக்க ஏறியிருப்பேன்.

---

பிக்சல்பாண்டி:

முடிவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கடைசியில் அலெக்ஸ் யார் யாருக்கு என்ன ஆனது என்று சொல்லிக்கொண்டே வருகிறாள், யார் நட்பாக இருக்கிறார்கள், யார் பிரிந்தார்கள் என்று. மற்ற ஆட்டக்காரர்களில் எத்தனை சதவீதம் பேர் என்ன செய்தார்கள் என்றும் காட்டுகிறார்கள். நிம்மதியாகப் பெருமூச்சு விடும்போது குரல் டேப் போல இழுபட்டு, மறுபடியும் தீவுக்குக் கிளம்புவதைப் பற்றியே பேச ஆரம்பிக்கிறாள். எனக்கு முதுகில் ஜில்லென்றது. முதல் தடவை முடித்துவிட்டு ‘நல்ல முடிவு’ வாங்கினேன் என்று நினைத்தவர்கள் எல்லாருக்கும் ஒரு குட்டு.

வெளியான சில மாதங்கள் கழித்து ஒரு அப்டேட்டில் அதே காலச்சுழலைத் தொடர்கிற இரண்டாவது ஆட்டத்தைச் சேர்த்தார்கள். அலெக்ஸுக்கு இது முன்பே நடந்த மாதிரி லேசாக ஞாபகம் வரும், புதுப் பதில்கள் கிடைக்கும், சுழலை நிறுத்தவும் வழி உண்டு. யோசனை அட்டகாசம். ஆனால் புது வசனம் கொஞ்சம், பழைய வசனம் நிறைய. தாண்டிப் போகவும் முடியாது. மறுபடி அதே படகு, அதே ரென், அதே நடை.

---

ஷிஃப்ட்முடிஞ்சது:

ஒரு ஆட்டம் நாலைந்து மணி நேரம்தானே பாண்டி. வார இறுதியில் முடித்துவிடலாம்.

---

பிக்சல்பாண்டி:

முதல் தடவை நாலு மணி நேரம் சின்னது. இரண்டாம் தடவை அதே நாலு மணி நேரம் ரொம்பப் பெரியது.

---

வெயில்நிழல்:

இதே ஆட்கள் 2019இல் ஆஃப்டர்பார்ட்டி செய்தார்கள். நரகத்துக்குப் போன இரண்டு நண்பர்கள், சாத்தானைக் குடியில் ஜெயித்தால் பூமிக்குத் திரும்பலாம். எந்தச் சரக்கைக் குடிக்கிறோமோ அதற்கேற்ற பதில்கள் குமிழியில் வரும். காகிதத்தில் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது? ஆனால் எனக்கு அதில் பாதி நேரம் எல்லாருமே நகைச்சுவைக் கலைஞர்கள் மாதிரி பேசுவதாகப் பட்டது. ஆக்ஸன்ஃப்ரீயில் ரென் ஒருவன்தான் கடி ஜோக் அடிப்பான், மற்றவர்கள் அவனைச் சகித்துக்கொள்வார்கள். அந்த அளவு ஆஃப்டர்பார்ட்டியில் இல்லை.

2016 பிப்ரவரியில் வந்த ஃபயர்வாட்ச் என்ற கேமையும் சேர்த்துப் பார்க்கலாம். அதிலும் வாக்கிடாக்கி, அதிலும் நடை, அதிலும் பதில் சொல்ல நேர வரம்பு. ஆனால் அங்கே பேசுவது இரண்டே பேர், குறுக்குப் பேச்சு கிடையாது. குரும்பசிட்டியான் அண்ணாவுக்கு அது சுலபமாக இருக்கும்.

---

குரும்பசிட்டியான்:

ஃபயர்வாட்ச் விளையாடியிருக்கிறேன், உண்மை, அதில் மூச்சு விட நேரம் கிடைத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறை சொன்னேன் என்பதற்காகப் பிடிக்கவில்லை என்று எடுக்க வேண்டாம். ஜோனஸ் பாத்திரம் எனக்கு நல்லாப் பிடித்தது. புதிதாக வந்து சேர்ந்த பெடியன், மற்ற எல்லாருக்கும் பழைய கதைகள் இருக்கின்றன, இவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் சப்டைட்டிலோடு அப்படித்தான் நின்றேன்.

---

மழைக்கால_மொபைல்:

எல்லாம் படித்தேன், ஸ்பாய்லர் பகுதியைத் தாண்டிவிட்டேன் (கிட்டத்தட்ட). எனக்கு ஒரே கேள்வி. பேய்க் கதை பிடிக்கும், ஆனால் பொறுமை கம்மி. வாங்கலாமா? நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா? 2021இல் அந்த நிறுவனத்தை நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது, அடுத்த வருஷம் நெட்ஃபிளிக்ஸ் வழியாகப் போனிலும் விட்டார்கள் என்று படித்தேன். போனில் விளையாடினால் எப்படி இருக்கும்?

---

கரையோரம்:

இரண்டாம் பாகம் 2023 ஜூலையில் வந்தது. ரைலி என்ற வளர்ந்த பெண், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கமீனா ஊர். வாக்கிடாக்கியில் கூப்பிட்டு ஆட்களோடு பேசிக்கொண்டே நடக்கலாம், அதனால் மௌன நடை குறைவு. கயிறு, பாறை என்று ஏறுவதற்கும் வழி உண்டு. ஆனால் முதல் பாகத்தின் ஆட்களும் விஷயங்களும் அதில் நிழலாக வந்துகொண்டே இருப்பார்கள். நேராக அதற்குப் போனால் அந்த இடங்கள் எல்லாம் வெறுமையாகக் கடந்துவிடும். முதலாவதிலேயே தொடங்குங்கள்.

போனைப் பொறுத்தவரை, குமிழியை விரலால் தொடுவது கன்ட்ரோலரை விட இயல்பாக இருக்கிறது. ஆனால் சின்னத் திரையில் ஆட்கள் இன்னும் சின்னதாகிவிடுவார்கள், எழுத்தும் அப்படியே. கம்ப்யூட்டர் இருந்தால் அதில் விளையாடுங்கள்.

---

டீக்கடை_பெஞ்ச்:

ராத்திரி, ஹெட்ஃபோன், ஒரே மூச்சில். முதல் தடவை கடிதம் எதையும் தேடாதீர்கள், பேச்சின் பின்னாலேயே போங்கள். பிடித்திருந்தால் இரண்டாவது ஆட்டத்தில் மேகியைத் தேடிப் போகலாம். பொறுமை கம்மி என்கிறீர்கள், அப்படியானால் விலை குறையும்போது வாங்குங்கள், சேலில் அடிக்கடி இறங்கும்.

---

பிக்சல்பாண்டி:

ஜோனஸ் அவன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.